செத்த மாடும் டாக்டர் கையெழுத்தும்

சேரியிலிருந்து படித்துக் கால்நடை மருத்துவரானவனிடம் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். "இவ்ளோ படிச்சும் மறுபடியும் மாட்டாண்டயே வந்து நிக்கிறியே?" ஊர்க்காரன் இதைக் கிண்டலாகக் கேட்பான். நம்ம பையன்கள் கோபமாகக் கேட்பார்கள். அரக்கோணம் வட்டாரத்தில் இந்த வேலையில் இருக்கிற நான் இரண்டையும் கேட்டாயிற்று. கிண்டலுக்குப் பதில் தேவையில்லை. கோபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கோபத்துக்குப் பின்னால் அம்பேத்கர் நிற்கிறார்.

செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்று 1927-இல் மகாடில் கூடிய மக்களிடம் அவர் சொன்னார். செத்த மாட்டைத் தூக்குகிற ஊழியத்தையும் விடச் சொன்னார். தோல், கொம்பு, குளம்பில் கிடைக்கிற வருமானம் போய்விடுமே என்று சாதி இந்துக்கள் நமக்காகக் கவலைப்பட்டார்கள். அந்த லாபத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று தான் கொடுத்த பதிலை, 1956 அக்டோபரில், மதம் மாறிய மறுநாள் நாக்பூரில் பேசும்போது அவர் நினைவுகூர்ந்தார். லாபம் என்று வாதாடியவர்களில் எத்தனை பேர் கத்தியைத் தூக்கினார்கள்?

அப்படியானால் அவர் விடச் சொன்னது வேலையையா, கட்டாயத்தையா?

எங்க தாத்தா தோல் உரித்தவர். மாட்டின் உடம்பு அவருக்கு அத்துப்படி. ஈரல் எங்கே, பித்தப்பை எங்கே, தோல் கிழியாமல் கத்தியை எந்தச் சாய்வில் விட வேண்டும் என்பதெல்லாம் கைக்கே தெரியும். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரியில் அதையே நான் உடற்கூறியல் என்ற பேரில் படித்தேன். நோய்க்குக் காரணமும் மருந்தும் கூடுதலாகத் தெரிந்துகொண்டேன், உண்மைதான். ஆனால் தீட்டு என்பது அறிவின் அளவைப் பார்த்து ஒட்டியதில்லை. ராத்திரி ஊரிலிருந்து ஆள் வந்தால் தாத்தாவால் முடியாது என்று சொல்ல முடியாது. கூலி கிடையாது, தோலும் கறியும்தான் கூலி. நான் கையுறை கேட்கலாம், இடமாறுதல் கேட்கலாம், இது என் வேலையில்லை என்று சொல்லலாம். எனக்கும் அவருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த மறுக்கிற உரிமைதான்.

இது வெறும் மானப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கவே கூடாது என்பது எங்களுக்கு அரிச்சுவடி. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் கத்தியை எடுக்கமாட்டோம். காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். உடம்பைத் திறந்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாகி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். இதற்குத் தடுப்பூசி, 1932-இல் தொடங்கிய நம்ம ராணிப்பேட்டை நிலையத்திலேயே தயாராகிறது. ஊசி மாட்டுக்கு. உரிக்கிறவனுக்கு? மறுக்க முடியாதவன் அந்த மாட்டையும் உரித்தான். கையில் கறுத்த புண் வந்து செத்தால் விதி என்றார்கள்.

இன்றைக்கு நிலைமை என்ன? இன்சூரன்ஸ் போட்ட மாடு செத்தால் காது வில்லை எண்ணைச் சரிபார்த்து, அறுத்துப் பார்த்து டாக்டர் சான்று தர வேண்டும். நான் பார்த்த ஊர்களில் அறுக்கக் காலனியிலிருந்துதான் ஆள் கூட்டி வருகிறார்கள். சான்றில் கையெழுத்து டாக்டருடையது. பணம் மாட்டுக்காரருக்கு. அறுத்தவருக்கு வெறுங்கை, ஒரு குவாட்டருக்குக் காசு.

நானே அறுக்கலாமே என்றால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உயர்சாதி டாக்டர் கத்தி பிடித்தால் "இன்னா அர்ப்பணிப்பு" என்பார்கள். நான் பிடித்தால் "ஓ, அந்த ஆளுங்களா" என்று கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். மறுநாள் காபி வேறு டம்ளரில் வரும். அதனால் நம்மில் படித்த பலருக்குக் கத்தியைத் தொடாமல் தள்ளி நிற்கத் தோன்றும். தப்பென்று சுலபமாகச் சொல்லிவிட மாட்டேன். பட்ட காயம் அப்படி. ஆனால் நான் தொடாத கத்தியை இன்னொரு சேரிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் தள்ளி நிற்கிறேன். என் மரியாதைக்கு அவர் விலை கொடுக்கிறார். சாதி நடக்கிற விதமே இதுதானே?

அதனால் எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். கையுறையும் கூலியும் முன்கூட்டியே பேசி முடிக்காமல் யாரையும் கத்தி எடுக்க விடமாட்டேன். அவர் வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்காமல் நானே அறுப்பேன். "எதுக்கு சார் வம்பு" என்று சக டாக்டர்களே சொல்கிறார்கள்.

2016-இல் குஜராத் உனாவில் செத்த மாட்டை உரித்த இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக, சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீசில் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள் தலித் மக்கள். அதுவும் மறுப்புதான். ஊர் முழுக்கக் கேட்ட மறுப்பு.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்தப் படிப்புக்கு வாருங்கள். 18 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. 2009 முதல் அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் இருக்கிறது. அடித்து வாங்குங்கள். வேலை, பதவி உயர்வு எல்லாம் வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு உயர்ந்தோம் என்பதைச் சம்பளத்தை மட்டும் வைத்து அளக்காதீர்கள். காலனிப் பெரியவர் ஒருத்தர் நம் முகத்தைப் பார்த்து, பயமில்லாமல், "இன்னிக்கு வரல சார், வேற ஆள பாரு" என்று சொல்ல முடிகிறதா? அதை வைத்து அளந்து பாருங்கள்.