பூசைக்குரிய பூவும் வளவிலுள்ள சீவராசிகளும்

வீரமுனையிலே கோயில் கொண்டெழுந்தருளியிருக்கும் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரின் திருப்பாதங்களைப் பணிந்து இச்சிறு சொற்பொழிவை எழுத்திலே தருகின்றேன். ஆலய ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி இளைஞர்கள் கேட்டபோது, மலருக்கு மலரைப் பற்றியே எழுதினால் என்ன என்று எண்ணினேன். தத்துவம் எழுதப் பெரியவர்கள் இருக்கின்றார்கள். அடியேன் விடியற்காலையிலே பூக்கூடையோடு வளவைச் சுற்றி வருகின்றவன். அந்த அளவில் அறிந்ததையே சொல்லலாம்.

அன்பார்ந்த அடியார்களே! மாரி காலத்தில் எமது வளவுகள் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். அப்பொழுது யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சித்திரை கழிந்து வைகாசி பிறந்து, கச்சான் காற்று வீசத் தொடங்கிய பின்னர்தான் ஒரு வளவின் உண்மையான நிலை தெரியவரும். வேலியோரப் புல் காய்ந்து நெருப்புக் குச்சி போலாகிவிடும். மண் சுடும். அந்தக் கோடையிலும் செவ்வரத்தை பூக்கின்றது, நந்தியாவட்டை பூக்கின்றது, அலரி பூக்கின்றது, எருக்கலை யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நிற்கின்றது. கிணற்றடியிலே பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் பக்கத்தில் ஒரு மல்லிகைப் பந்தல் பிழைத்துக் கிடக்கின்றது. கோடையில் பூக்கும் பூ குறைவு. ஆனால் அதை நம்பியிருக்கும் சீவன்கள் குறைவில்லை. பிள்ளையாருக்கும் அந்தப் பூதான், தேனீக்கும் அந்தப் பூதான். இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

பூப்பறிப்பது சைவர்களுக்குச் சிறிய வேலை அல்ல. பெரியபுராணத்தை எடுத்துப் பாருங்கள். திருக்கயிலையிலே நந்தவனத்திற்குப் பூக்கொய்யச் சென்ற ஆலாலசுந்தரர், அங்கே அம்மையின் சேடியராகிய கமலினியையும் அநிந்திதையையும் கண்டு மனம் வைத்தமையினாலேதான் தென்னாட்டிலே சுந்தரராக வந்து பிறந்தார். அவர் பாடிய திருத்தொண்டத்தொகையை முதலாகக் கொண்டே சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தைப் பாடினார். ஒரு பூந்தோட்டத்திலே தொடங்கிய கதை அது. கருவூரிலே சிவகாமியாண்டாரின் பூக்கூடையைப் பட்டத்து யானை சிதறியதற்காக எறிபத்த நாயனார் மழுவைத் தூக்கினார். திருப்புகலூரிலே முருக நாயனார் பொழுது புலரும் முன்னரே எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நால்வகைப் பூக்களையும் வேறு வேறு கூடைகளிலே பறித்து, கண்ணி, கோவை, இண்டை, தொடையல் என்று தொடுத்து இறைவனுக்குச் சாத்தி வந்தார். வேறு பெரிய செயல் எதையும் அவர் செய்ததாகச் சேக்கிழார் விரித்துரைக்கவில்லை. பூத்தொண்டு ஒன்றினாலேயே அறுபத்துமூவரில் ஒருவரானார்.

இதனைக் கேட்டவுடன் எமக்கு உற்சாகம் பிறக்கும். வளவிலுள்ள பூவெல்லாம் பிள்ளையாருக்கே என்று ஒரு மொட்டும் விடாமல் ஆய்ந்து கொண்டு போவோம். எமது வளவிலே போதாவிட்டால் விடியப்புறத்திலே அயல் வீட்டு வேலிக்கு மேலால் கை நீளும். (களவெடுத்த பூவினால் அர்ச்சனை செய்தால் புண்ணியம் யாருக்கு என்று வேலிக்கு அந்தப் பக்கம் உள்ளவர்தான் சொல்ல வேண்டும்.) அடியேனும் இவ்வாறு வழித்துப் பறித்தவன்தான். அதனால் மற்றவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

பூசைக்கு ஆகும் பூ எது, ஆகாத பூ எது என்பதற்கு எமது சமயத்திலே தெளிவான விதி உண்டு. திருவாரூரிலே வாழ்ந்த கமலை ஞானப்பிரகாசர் புட்பவிதி என்று ஒரு நூலே செய்தார். எமது ஆறுமுக நாவலரும் சைவ வினாவிடையிலே பூவைப் பற்றி எடுத்துச் சொன்னார். வாடிய பூ, நிலத்திலே விழுந்த பூ, முகர்ந்து பார்த்த பூ, புழுக்கடித்த பூ முதலியன ஆகா என்று பெரியவர்கள் எமக்குச் சொல்லித் தந்தார்கள். சிறுவயதிலே நான் இதனை, புழு கடித்தால் பூ அசுத்தமாகி விட்டது, ஆகவே புழுதான் குற்றவாளி என்று விளங்கிக் கொண்டேன். பல வருடங்கள் அந்த விளக்கத்தோடுதான் வாழ்ந்தேன். அதன் பலனையும் கண்டேன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வைகாசி மாதம், எமது செவ்வரத்தை மரங்களிலே வெண்பஞ்சு ஒட்டியது போல ஒரு பூச்சி பிடித்தது. மொட்டுகள் சுருண்டு விழுந்தன. பூசைக்குப் பூ இல்லையே என்ற கவலையிலே, வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சி மருந்தைக் கலக்கி, மரத்திற்கு மட்டுமன்றிச் சுற்றியிருந்த செடிகளுக்கும் அடித்தேன். பேரப்பிள்ளை திண்ணையிலே நின்று, “பெத்தப்பா, அது பிள்ளையார்ர பூதானே? ஏன் நஞ்சு அடிக்கிறீங்க?” என்று கேட்டான். “பிள்ளையாருக்காகத்தான்டா அடிக்கிறன்” என்றேன். அந்தப் பதில் அப்பொழுது எனக்கு மிகவும் சரியாகத்தான் தெரிந்தது.

அந்த நாட்களிலே விறாந்தையில் துணி காயப்போடும் கொடியிலே ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. தும்பும் சருகும் சேர்த்து, அவற்றைச் சிலந்தி வலையினால் ஒட்டி, ஒரு பழைய பை தொங்குவது போலக் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். தாயும் தகப்பனும் செவ்வரத்தைக்கும் கூட்டுக்குமாக ஓயாமல் பறக்கும். தேன்சிட்டு தேன் குடிக்கும் பறவைதான், ஆயினும் குஞ்சுக்குப் புழுவையும் சிலந்தியையும் பிடித்துக் கொடுத்தே வளர்க்கும். மருந்து அடித்து மூன்றாம் நாள் கூடு அசையவில்லை. நான்காம் நாள் ஏணி வைத்துப் பார்த்தேன். குஞ்சுகள் இரண்டும் செத்துக் கிடந்தன.

நான் அடித்த மருந்தினால்தான் அது நிகழ்ந்தது என்று பிள்ளையார் சந்நிதியிலே சத்தியம் செய்ய என்னால் இயலாது. கச்சான் வெயிலாகவும் இருக்கலாம், தாயைப் பூனை பிடித்திருக்கவும் கூடும். ஆனால் அடுத்த வாரம் செவ்வரத்தை ஒரு குறையும் இல்லாமல் செக்கச் செவேலென்று பூத்தது. அதைக் கூடை நிறையப் பறித்துக் கொண்டு கோயிலுக்கு நடந்தபோது, வளவிலே ஒரு சத்தமும் இருக்கவில்லை. அன்று அந்தப் பூவைக் குருக்களின் கையிலே கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன் பின்னரே தலபுராணங்களை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். திருவானைக்காவிலே வெண்ணாவல் மரத்தின் கீழ் இருந்த இலிங்கத்தின் மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி வலை பின்னி விதானம் அமைத்தது. அதே இலிங்கத்தை நீராலும் பூவாலும் வழிபட வந்த யானை, அந்த வலையை அசுத்தம் என்று எண்ணி அழித்தது. இரண்டும் அன்பிலே குறைந்தவை அல்ல. ஒன்றின் வழிபாடு மற்றதன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இறுதியிலே சிலந்தி துதிக்கையினுள் புகுந்து கடிக்க, இரண்டும் இறந்தன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து சிவாலயங்கள் பல எடுத்தது. நானும் அந்த யானையைப் போலத்தான் கூடையைத் தூக்கிக் கொண்டு திரிந்திருக்கின்றேன் என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவெறும்பூர் உண்டு. தேவர்கள் எறும்பு வடிவெடுத்துப் பூக்கொண்டு சென்றபோது, ஏற முடியாமல் வழுக்கியதைக் கண்ட இறைவன் தாம் புற்று வடிவாகிச் சற்றே சாய்ந்து கொடுத்தாராம். எறும்புக்காகச் சாய்ந்த கடவுள்! நன்னிலத்திலே தேவர்கள் தேனீக்களாயிருந்து வழிபட்டதாகச் சொல்லுவர். திருவண்டுதுறையிலே பிருங்கி முனிவர் வண்டாக இருந்து பூசித்தார். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள குரங்கணில்முட்டம் என்னும் தலத்தின் பெயரிலேயே குரங்கும் அணிலும் காகமும் இருக்கின்றன. சம்பந்தப் பெருமான் பாடிய தலம் அது. மணிவாசகரோ திருக்கோத்தும்பி என்று வண்டை விளித்தே ஒரு பதிகம் பாடினார். இவ்வளவு கதைகளையும் கோயிலிலே கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து எறும்புக்கு மருந்துத் தூள் போடுகின்றோம்.

புழுக்கடித்த பூ ஆகாது என்ற விதியை இன்று நான் இப்படி விளங்கிக் கொள்கின்றேன். அந்தப் பூ கெட்டுப் போனது என்பதல்ல அதன் பொருள். அது ஏற்கெனவே இன்னொரு சீவனுக்குப் பரிமாறப்பட்டு விட்டது. ஒருவரின் இலையிலே இட்ட சோற்றை எடுத்து மற்றொருவருக்கு வைக்க மாட்டோமல்லவா? ஆசாரியர்கள் எம்மைத் தடுத்தது அதுபோலத்தான். இந்த விளக்கத்தைக் கற்றறிந்தோர் ஏற்பார்களோ தெரியாது. என் வளவிலே பொருந்தி வருகின்றது.

விநாயகருக்கு உகந்தவை எவை என்றும் பாருங்கள். ஆவணிச் சதுர்த்தியிலே 21 வகைப் பத்திரங்களால் அருச்சிக்கும் வழக்கம் உண்டு. அறுகு, எருக்கு, நாயுருவி, ஊமத்தை, கண்டங்கத்தரி, நொச்சி, அலரி, வில்வம், மாதுளை, வன்னி என்று அந்தப் பட்டியல் போகும். இவற்றிலே முதல் ஐந்தையும் களை என்று சொல்லி வருடம் முழுவதும் மண்வெட்டியாலும் களைநாசினியாலும் அழித்து விட்டு, சதுர்த்தியன்று காலையிலே பையைத் தூக்கிக் கொண்டு ஊரெல்லாம் தேடுவோம். வயற்காரரை நான் குறை சொல்ல வரவில்லை. 2021இல் இரசாயன உரமும் மருந்தும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டபோது விவசாயிகள் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். வயல் வயிற்றுப்பாடு. ஆனால் பூசைக்கென்று பூ வளர்க்கும் நாலடி நிலத்துக்கும் அதே போத்தலா?

எருக்கலையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு அதிசயம் தெரியும். அதன் பால் நஞ்சு. ஆடும் மாடும் தொடாது. ஆனால் செம்மஞ்சள் நிற வண்ணாத்திப்பூச்சி ஒன்று தேடி வந்து அந்த இலையிலேதான் முட்டையிடுகின்றது. குஞ்சுப் புழு அந்த நஞ்சையே தின்று உடலிலே தாங்கிக் கொள்வதால் பறவைகள் அதை விழுங்க அஞ்சுகின்றன. நஞ்சைக் கண்டத்திலே தாங்கிய பெருமானுக்கு உரிய செடியிலே நஞ்சைத் தாங்கிய ஒரு சிறு புழு! அலரியிலேயும் இப்படி ஒன்று உண்டு. கறுப்பும் மண்ணிறமும் கலந்த செட்டையின் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அதன் கூட்டுப்புழு இலைக்கடியிலே வெள்ளித் தோடு மாதிரி மினுங்கிக் கொண்டு தொங்கும். பேரன்தான் முதலில் கண்டான். யாரோ நகையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதாகக் கத்திக் கொண்டு ஓடி வந்தான். தேசி மரத்தையும் வில்வத்தையும் தின்னும் பச்சைப் புழுவும் நாளைக்கு வண்ணாத்திப்பூச்சிதான்.

இதையெல்லாம் பார்த்துக் கொண்டு நிற்பது வேலையற்ற வேலை என்று சிலர் நினைக்கலாம். 1990ஆம் ஆண்டை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி இந்த ஆலயத்திலே தஞ்சமடைந்திருந்த எம்மவர்களுக்கு நேர்ந்ததை இங்கே நான் விரிக்கப் போவதில்லை. அதன் பின் ஊரை விட்டுப் போய், பின்னொரு நாள் திரும்பி வந்து எமது வளவிலே காலடி வைத்தபோது கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. அத்திவாரக் கல்லின் வெடிப்பிலே பட்டிப்பூ மட்டும் பூத்திருந்தது. அதிலே ஒரு வண்ணாத்திப்பூச்சி இருந்து எழும்பியது. எனது தாயார் அழுகையை நிறுத்தி விட்டு அதைப் பார்த்தார். பிறகு நாலு பூவைப் பறித்துச் சேலைத் தலைப்பிலே முடிந்து கொண்டு கோயிலுக்கு நடந்தார். மிச்சத்தை விட்டு விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இல்லாத காலத்திலே அந்த வளவை வளவாக வைத்திருந்தவை அந்தப் பூவும் பூச்சியும் எறும்பும் ஓணானும்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்பொழுது எமது வீட்டு வழக்கம் மாறி விட்டது. ஒவ்வொரு மரத்திலும் மூன்றிலொரு பங்கு பூவை விட்டே பறிக்கின்றோம். வெண்பஞ்சுப் பூச்சி வந்தால் கிளையை வெட்டி எரிக்கின்றோம், அல்லது சவர்க்காரத் தண்ணீரால் கழுவுகின்றோம். கிணற்றடியிலே இரண்டு சிரட்டைகளிலே தண்ணீர் வைத்திருக்கின்றோம். நுளம்பு பெருகாதபடி தினமும் ஊற்றி மாற்ற வேண்டும். அதிலே புலுனியும் கொண்டைக்குருவியும் குளிக்கின்றன. அணில் குடிக்கின்றது. ஓணான் வேலித்தடியிலே கழுத்துச் சிவக்க இருந்து தலையாட்டுகின்றது. பின்னேரத்திலே மல்லிகை விரியும்போது விட்டில்கள் வருகின்றன. சம்மாந்துறைப் பக்கத்து வளவுகளிலே தேன் குடித்த தேனீ எமது நந்தியாவட்டையிலும் வந்து இருக்கும். எந்த வளவுப் பூ என்று அது கேட்பதில்லை. கூடை முன்னரைப் போல நிறைவதில்லை. ஒரு பச்சிலையும் போதும் என்று திருமூலர் சொல்லியிருக்க, கூடை நிறையாததைப் பிள்ளையார் பெரிதாக எடுக்க மாட்டார் என்றே நம்புகின்றேன்.

தேன்சிட்டு இரண்டு வருடமாக வரவில்லை. மூன்றாம் வருடம் வந்தது. அதே விறாந்தை, அதே கொடி. எனது மனைவி முகட்டு மூலையிலுள்ள சிலந்தி வலையைத் தும்புத்தடியால் அடிக்கப் போனவர், அந்தக் குருவி அங்கேயே வந்து நூல் இழுத்துக் கொண்டு போவதைக் கண்டு தடியைச் சாத்தி விட்டார். இந்த வருடமும் வைகாசியிலே கூடு தொங்குகின்றது. துணி காயப்போட முற்றத்திலே வேறொரு கொடி கட்டியிருக்கின்றோம்.