இசைஞனின் சுதந்திரமும் சமூகத்தின் கடமையும்

கலைஞன் தன் கலையைக் கொண்டே வாழ வேண்டுமாயின், அவன் யாருக்குக் கட்டுப்பட்டவன் என்னும் வினா தவிர்க்க முடியாததாகின்றது. சங்ககாலப் பாணன் வள்ளலின் வாயிலை நாடி நின்றான். பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்தும் ஆற்றுப்படை, கொடையின் இலக்கியமாதல் போலவே பசியின் இலக்கியமுமாகும். புரவலன் வாயிலிலிருந்து கட்டணம் செலுத்திக் கேட்போர் கூடும் மண்டபத்துக்கு இசை வந்து சேர்ந்தமை விடுதலை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்தை ஆராய்வதற்கு மொசார்ட்டின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

1781இல் வியன்னாவிலே, சால்ஸ்பேர்க் பேராயரின் ஊழியராயிருந்த மொசார்ட் உணவு மேசையில் பணியாட்களுடன் அமர்த்தப்பட்டார். தம் வருவாய்க்கெனத் தனியே இசையரங்கு நடத்தவும் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் அவ்வூழியத்தைத் துறந்தார். 1784இல் அவர் நடத்திய மூன்று இசையரங்குகளுக்கு 174 பேர் சந்தா செலுத்தினர். அவ்வரங்குகளுக்கெனப் புதிய பியானோ கொன்சேர்ட்டோக்களையும் அவர் இயற்றினார். மேடை சோறிட்டது, படைப்பையும் தூண்டியது. சந்தை கலையைக் கெடுத்தே தீரும் என்போர் இதனை மறத்தலாகாது.

ஆயின், 1788இல் ஆஸ்திரியா துருக்கியருடன் போரில் இறங்கியது. வியன்னாவின் இசைவாழ்வு சுருங்கியது. 1789இல் மொசார்ட் அனுப்பிய சந்தாப் பட்டியல் ஒரேயொரு பெயருடன் திரும்பி வந்தது. அவரது ஆற்றல் குன்றவில்லை, கேட்போரே இல்லாதொழிந்தனர்.

இங்கேதான் அறவினா எழுகின்றது. அவமதித்த பேராயரைக் குற்றஞ்சாட்டலாம். பட்டியலிற் கையொப்பமிடாத எவரும் குற்றமிழைத்தவரல்லர். எவரும் தவறிழைக்காத இடத்தில் அநீதி நிகழக்கூடுமா? நிகழக்கூடும். கேட்பவர் செலுத்துவது ஒரு மாலைப்பொழுதின் விலை. அம்மாலையை ஆக்கிய பல்லாண்டுப் பயிற்சியின் சுமையைக் கலைஞன் தனியே தாங்குகின்றான். அதன் பயனையோ பின்வரும் தலைமுறைகளும் துய்க்கின்றன.

சமூகம் பொறுப்பேற்பின் பேராயர் வேறுருவில் மீண்டும் வருவாரே என்று ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. எனினும், 1787இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் மொசார்ட்டுக்கு வழங்கிய 800 குல்டன் ஆண்டூதியம், போதாததாயினும், அவரது பிற முயற்சிகளைத் தடுக்கவில்லை. ஆதரவும் ஆணையும் பிரிக்க முடியாதன அல்ல என்பதற்கு இது சான்று.

ஊழியத்தைத் துறக்கும் உரிமை சுதந்திரத்தின் முதற்படியே. துறந்தவன் பட்டினி கிடக்க நேருமாயின், அவ்வுரிமை வசதியுள்ளோர்க்கு மட்டுமே உரியதாகும். கலைஞனை ஏவாமலே தாங்கக் கற்கும் சமூகமே அவனது இசையைக் கேட்கும் தகுதியை முழுமையாகப் பெறுகின்றது.