பனிமலையில் ஒரு களவு மணம்

ஓம் சரவணபவ! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



"ப்ரோ, நம்ம முருகனே வள்ளியைக் கூட்டிட்டு ஓடிப்போய்த்தானே கல்யாணம் பண்ணினாரு? அப்போ நாங்க வீட்டுக்குச் சொல்லாம பண்ணிக்கிட்டா என்ன தப்பு?" இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை நாலஞ்சு பேர் கேட்டாச்சு. அடுத்தவங்க கேள்வி என்று தள்ளி வைக்க முடியாத இடத்தில் நானும் இருக்கிறேன். வர்ற தை மாதம் எனக்குக் கல்யாணம். மண்டபம் இல்லை, பந்தி இல்லை. நான், அவள், நண்பர்கள் நாலு பேர். இடம், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா. உறைந்து கிடக்கும் ஸ்ப்ரேக் ஏரிக் கரையில், பனிக்கு நடுவே.

என் அம்மாவுக்கு இதில் சம்மதம். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் வர முடியாது, அதுதான் குறை. அவளோட அப்பாவுக்குச் சம்மதம் இல்லை. அவரை 'மாமா' என்று கூப்பிட எனக்கு இன்னும் உரிமை கிடைக்கவில்லை. அதனால் வள்ளி கல்யாணக் கதையை இந்த முறை வெறும் கதையாக என்னால் படிக்க முடியவில்லை. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தை எடுத்து, வள்ளியம்மை திருமணப் படலத்தை முதலிலிருந்து நிதானமாகப் படித்தேன். படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

*மலை, பனி, களவு*

நம்ம சாமி குறிஞ்சி நிலத் தெய்வம். சேயோன். குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். அதன் பொழுதையும் சேர்த்துப் படிச்சோம், மறந்திருப்போம். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம். முன்பனி என்பது மார்கழியும் தையும். ஒழுக்கம் புணர்தல், அதாவது காதலர் கூடுதல். ஊருக்குத் தெரியாத காதலுக்குக் களவு என்று பெயர் வைத்து, அதைக் குளிர்ந்த மலையில் வைத்துப் பாடினார்கள் நம் முன்னோர்.

நாங்கள் நாள் குறித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. ஸ்ப்ரேக் ஏரி கிட்டத்தட்ட 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்ம ஊட்டி தொட்டபெட்டா உயரம். மாதம் தை. நேரம் அங்கே காலை 10 மணி. அப்போது இந்தியாவில் இரவு 10:30, சரியா யாமம்! அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "முருகன் காலண்டர்ல புக் பண்ணிட்டாரு போல."

ஆனால் நாள் பொருந்திவிட்டால் போதுமா? அந்தப் படலத்தில் முருகன் என்ன செய்தான் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

*வள்ளியின் விருப்பம்*

திருமாலின் மகள்கள் அமுதவல்லி, சுந்தரவல்லி. இருவரும் முருகனை மணக்க வேண்டும் என்று தவம் இருந்தவர்கள். அமுதவல்லி தெய்வயானையாக வளர்ந்தாள். சுந்தரவல்லி வள்ளிமலையில் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் குழந்தையாகக் கிடைத்து, வேடர் தலைவன் நம்பிராஜன் வீட்டில் வளர்ந்தாள். ஆக, முருகன் வந்து மனதை மாற்றவில்லை. வள்ளி ஏற்கனவே அவனை விரும்பித் தவம் செய்தவள்.

வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகத் தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டான், தண்ணீர் கேட்டான், கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்தான். இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். "முருகனே விடாமல் பின்னால் போனார்" என்று சொல்லி ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பசங்களா, நாம முருகன் இல்லை, நம்ம கையில் யானையும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதன்பின் நடந்ததைப் பாருங்கள். நள்ளிரவில் தோழி வள்ளியை அழைத்து வந்து முருகனிடம் ஒப்படைக்கிறாள். வள்ளி தன் காலால் நடந்து, தன் விருப்பத்தோடு வருகிறாள். இழுத்துக்கொண்டு போன கதை இல்லை இது.

*பொய் வந்தபின் வந்த சடங்கு*

களவில் சாட்சி கிடையாது. அதுதான் அதன் ஆபத்தும். "உன்னை எனக்குத் தெரியவே தெரியாது" என்று நாளைக்கு அவன் சொல்லிவிட்டால்? இப்படிப் பொய்யும் தவறும் உலகில் தோன்றிய பிறகுதான் கரணம் என்ற திருமணச் சடங்கைப் பெரியோர் வகுத்தார்கள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. கூட்டத்துக்காகவோ சாப்பாட்டுக்காகவோ வந்ததில்லை சடங்கு. பலவீனமானவர் ஏமாந்துவிடக் கூடாது என்று வந்தது.

கொலராடோவில் ஒரு வசதி உண்டு. மணமக்கள் இருவருமே கையெழுத்துப் போட்டுத் தங்கள் கல்யாணத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம். புரோகிதரோ நீதிபதியோ சாட்சியோ கட்டாயம் இல்லை. ஆனால் கவுண்டி அலுவலகத்தில் திருமண உரிமம் வாங்கியே ஆக வேண்டும். வாங்கியதிலிருந்து 35 நாளுக்குள் மாநிலத்துக்குள்ளேயே கல்யாணம் முடிய வேண்டும். முடிந்தபின் 63 நாளுக்குள் கையெழுத்திட்ட தாளைத் திருப்பிக் கொடுத்துப் பதிய வேண்டும். சாட்சி தேவையில்லை என்று சட்டம் சொன்னாலும் நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கிறோம். மலையில் மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு, தாளை டிராயரில் போட்டு மறந்துபோகிற கல்யாணத்தை மட்டும் யாரும் பண்ணாதீங்க. நம் காலத்துக் கரணம் அந்தத் தாள்தான்.

*மலை கேட்கும் மரியாதை*

பூங்காவில் கல்யாணம் செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். மாதத்துக்கு இத்தனை கல்யாணம்தான் என்று எண்ணிக்கை உண்டு. குறிப்பிட்ட சில இடங்களில்தான் நடத்தலாம், ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் வரம்பு உண்டு. அரிசி, பூ இதழ் தூவக் கூடாது. அங்கே தீ வளர்க்கக் கூடாது. டிரோன் பறக்க விடக் கூடாது. விலங்குகளுக்கு எதுவும் போடக் கூடாது.

முதல் முறை படித்தபோது, "அட்சதையும் கிடையாது, ஹோமமும் கிடையாது, அப்புறம் என்ன கல்யாணம்?" என்று தோன்றியது. பிறகு வள்ளிமலையை நினைத்தேன். கந்தபுராணத்துக் களவு மணத்தில் அந்த நேரத்தில் என்ன இருந்தது? தேன், தினைமாவு, சுனைத் தண்ணீர். மலையிலிருந்து எதையும் எடுக்காமல், மலையில் எதையும் போடாமல் திரும்பி வருவதும் மலைக்கடவுளுக்குச் செய்யும் பூசைதான். அதனால் விளக்கை அதிகாலையில் எஸ்டெஸ் பார்க்கில் தங்கும் வீட்டில் ஏற்றி, அங்கேயே வேலை வைத்து வணங்கிவிட்டுக் கிளம்புகிறோம். அட்சதை, அம்மா கையால் அம்மா வீட்டில். அது பின்னால் வரும்.

இதே மாதிரி திட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்:

பூங்காவின் உச்சிச் சாலையான டிரெயில் ரிட்ஜ் சாலை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். பேர் ஏரிக்குப் போகும் சாலையில் பனியை அள்ளித் திறந்து வைப்பார்கள். ஸ்ப்ரேக் ஏரி அந்த வழியில்தான். பனிக்கேற்ற டயர் இல்லாமல் போகாதீங்க. ஷூவில் மாட்டும் முள் பட்டை எல்லோருக்கும் வேண்டும். ஏரி உறைந்திருக்கிறது என்று நம்பி போட்டோவுக்காக அதன் மேல் ஏறக் கூடாது. முதல் நாளே எஸ்டெஸ் பார்க் போய், நிறையத் தண்ணீர் குடித்து, ஒரு இரவு தங்கினால் உயரத்துக்கு உடம்பு கொஞ்சம் பழகும். பட்டுப் புடவைக்குள் தெர்மல் உடை, மேலே கம்பளிச் சால்வை. மல்லிகைப் பூ குளிரில் கருகிவிடும், ஆகவே கடைசி நிமிடம் வரை காருக்குள். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சட்டைக்குள் வையுங்கள். முக்கியமாக, தாலி கட்டும்போது கையுறையைக் கழற்றத்தான் வேண்டும். விரல் மரத்துப்போகும் முன் மூன்று முடிச்சு விழ வேண்டும். நான் ஒரு சாதாரண மஞ்சள் கயிற்றில் பழகிக்கொண்டிருக்கிறேன்!

அங்கே போன் சிக்னலை நம்ப முடியாது. "நீ கட்டுறதை லைவ்ல பாக்கணும்டா" என்று அம்மா கேட்டார். முடியாது என்று முன்னாடியே சொல்லிவிட்டேன். ஏரியிலிருந்து ஊருக்குள் இறங்கியதும் முதல் அழைப்பு அம்மாவுக்கு. "எத்தனை மணி ஆனாலும் தூங்க மாட்டேன்" என்கிறார்.

*முருகன் திரும்பிப் போனான்*

இனி, கதையில் நாம் எல்லோரும் தாண்டிப் போய்விடும் இடம்.

பொழுது விடிந்து வள்ளியைக் காணாமல் நம்பிராஜனும் வேடர்களும் தேடி வருகிறார்கள். முருகனைக் கண்டு அம்பு விடுகிறார்கள். சேவல் கூவுகிறது. அத்தனை பேரும் விழுந்துவிடுகிறார்கள். வள்ளி தன் அப்பாவும் அண்ணன்மாரும் கிடப்பதைப் பார்த்து அழுகிறாள்.

முருகன் ஜெயித்தாச்சு. தணிகை மலை காத்திருக்கிறது. விரும்பிய பெண் கூட இருக்கிறாள். நாமாக இருந்தால் அங்கிருந்து ஒரு செல்ஃபி போட்டிருப்போம். அப்போது நாரதர் வருகிறார். பெற்றவர்களை இப்படிக் கிடத்திவிட்டு, அவர்கள் கொடுக்காமல் இவளைக் கொண்டு போவது தகுமா என்று எடுத்துச் சொல்கிறார்.

முருகன் திரும்பினான். சூரனை வென்றவன், தேவசேனாபதி, ஒரு வேடர் தலைவன் முன்னால் மாப்பிள்ளையாக நிற்பதற்குத் திரும்பி நடந்தான். விழுந்தவர்களை எழுப்பும் வேலையையும் வள்ளியிடமே கொடுத்தான். அவள் சொல்லில் எழுந்தார்கள். நம்பிராஜன் ஊருக்கு அழைத்துப் போய், புலித்தோலில் உட்கார வைத்து, மகள் கையைப் பிடித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் திருத்தணிகை.

என் நண்பர்களின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். வள்ளி கல்யாணம் ஓடிப்போன கதையாகத் தொடங்குகிறது, திரும்பி வந்த கதையாக முடிகிறது. "முருகனே ஓடினார்" என்று பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது நமக்கு வசதியான பாதி. சிறியதாகக் கல்யாணம் செய்வதில் எந்தக் குறையும் இல்லை. நாலு பேர் போதும். ஆனால் சின்னதாக்குவது வேறு, மறைப்பது வேறு. சங்க இலக்கியத்தில் இதற்கு ஓர் அழகான பெயர் உண்டு, அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்குச் சொல்லி, தோழி செவிலிக்குச் சொல்லி, செவிலி நற்றாய்க்குச் சொல்லி, அவள் தந்தைக்குச் சொல்வாள். காதலை வீட்டுக்குச் சொல்வதையே அறம் என்றார்கள்.

எங்கள் வீட்டிலும் அதே வரிசைதான் நடந்தது. அவள் அக்காவிடம் சொன்னாள், அக்கா அம்மாவிடம், அம்மா அப்பாவிடம். பிறகு அவளே அப்பாவுக்கு நாள், இடம், நேரம் எல்லாம் எழுதி அனுப்பினாள். கேட்டு அனுப்பவில்லை, தெரிவித்து அனுப்பினாள். "போட்டோ மட்டும் அப்புறம் அனுப்பு, இப்போ எதுக்கு வம்பு?" என்று சிலர் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. "எங்கப்பாவுக்கு என் கல்யாணம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல தெரிய வேண்டாம்" என்றாள். நீல டிக் வந்தது. பதில் இதுவரை வரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அம்பு வந்த நேரத்தில் முருகன் வள்ளியை முன்னால் தள்ளிவிட்டு "உங்க அப்பாகிட்ட பேசு" என்று சொல்லவில்லை. ஆபத்து நீங்கிய பிறகுதான் சமாதானம். உங்கள் வீட்டில் உயிருக்கே மிரட்டல் இருந்தால், பாசத்தை நம்பித் தனியாகப் போய் நிற்காதீங்க. சட்டப் பாதுகாப்பு முதலில். எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. திரும்பிப் போவது என்பது கால் நடந்து போவது மட்டும் இல்லை. ஒரு கடிதம் போகலாம், நாரதர் மாதிரி நல்லது சொல்லும் ஒரு பெரியவர் போகலாம், காலம் கூடப் போகலாம். மனதில் அந்தக் கதவை நாம் அடைக்காமல் இருந்தால் போதும்.

எங்கள் திட்டத்தில் ஏரிக்கரையோடு கல்யாணம் முடியவில்லை. மாசியில் ஊருக்கு டிக்கெட் எடுத்தாச்சு. முதலில் அம்மாவிடம், அட்சதைக்கு. அடுத்து, அவளோட அப்பா வீட்டு வாசல். தேனும் தினைமாவும் வாங்கிக்கொண்டு போகிறோம். அவர் கதவைத் திறப்பாரா என்று தெரியாது. திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு, திருத்தணி போய் வள்ளி மணாளனைப் பார்த்துவிட்டு, பங்குனி உத்திரத்துக்கு மறுபடியும் போவோம்.

இதைப் படிக்கிற யாராவது அப்பாவாக இருந்தால், நம்பிராஜனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அம்பு விட்ட கைதான் அது. அதே கை மகளைப் பிடித்துக் கொடுத்தபோது, முருகனுக்கே மாமனார் ஆனார்.

அவருக்காக, இன்று ஒருமுறை உங்கள் வீட்டு முருகனிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.

வேலும் மயிலும் துணை. வள்ளி மணாளனுக்கு அரோகரா!