பூசலார் எழுப்பிய மனக்கோயிலும் எங்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசியும்

சிவமயம்

மகோற்சவ காலத்தில் வெளிவரும் இம்மலரில் விரத மகிமையையோ தல மகிமையையோ எழுதுவதே வழக்கம். இம்முறை எங்கள் வீடுகளுக்குள் இருக்கும் ஒரு கவலையைப் பற்றிப் பேச விரும்புகின்றேன்.

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு எடுத்து வருகின்றேன். ஒருநாள் வகுப்பு முடிந்த பின்னும் பதினைந்து வயதுப் பிள்ளையொன்று வீட்டுக்குப் போகாமல் மண்டபத் தூணடியில் இருந்தாள். அருகில் போய் இருந்தேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: "ரீச்சர், இரவு பன்னிரண்டு மணிக்கும் எல்லாரும் ஒன்லைனிலதான் இருக்கினம். ஆனால் என்ர மனசில இருக்கிறதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை."

அந்தப் பிள்ளைக்கு நல்ல பெற்றோர் இருக்கின்றார்கள். இருவரும் வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்கே வீடு திரும்புவார்கள். பாடசாலை விட்டால் ரியூசன், ரியூசன் முடிந்தால் தொடர்மாடியின் ஆறாம் மாடியில் பூட்டிய கதவு. பக்கத்து வீட்டார் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. கையில் இருப்பது தொலைபேசி மட்டுமே. அவள் சொன்னதைக் கேட்ட நாள் முதல் என் நெஞ்சில் நிற்பவர் பூசலார் நாயனார்.

பூசலார் தனித்திருந்தார்

சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தில் வரும் அறுபத்து மூவருள் ஒருவர் பூசலார். தொண்டை நாட்டுத் திருநின்றவூரைச் சேர்ந்தவர். சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டார். எங்கு தேடியும் பொருள் கிடைக்கவில்லை. அதற்காக மனம் சோர்ந்து இருந்துவிடாமல், பொருளும் கல்லும் மரமும் தச்சரும் எல்லாவற்றையும் மனத்திலேயே சேர்த்தார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார். இரவிலும் கண் துயிலாமல் தளம் தளமாக எழுப்பினார். விமானம், மண்டபம், மதில், கிணறு, குளம் என ஒன்றையும் விடவில்லை. நீண்ட காலம் சென்றபின் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார்.

அதே நாளில்தான் காடவர் கோமான் காஞ்சியில் பெரும் பொருள் செலவிட்டுக் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்குக் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நாளை நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்துக்கு எழுந்தருள இருப்பதால் உன் விழாவை வேறொரு நாளில் வைத்துக்கொள் என்று அருளினார். அரசன் திருநின்றவூர் வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். அப்படியொரு கோயில் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அடியார்களே, இங்கு சற்று நின்று யோசிப்போம். பூசலார் கட்டிய கோயிலை யாரும் பார்க்கவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை. ஆண்டுக்கணக்காகத் தனியே இருந்தும் அவருக்கு வெறுமை இல்லை, ஏனெனில் நெஞ்சில் ஒரு வேலை இருந்தது, இறைவன் துணை இருந்தது. எங்கள் பிள்ளையிடம் நூற்றுக்கணக்கான 'நண்பர்கள்' இருக்கின்றார்கள். பதிவிட்ட படத்துக்கு நிமிடத்துக்கு நிமிடம் விருப்பக்குறி வருகின்றது. இருந்தும் தூணடியில் இருந்து கண் கலங்குகின்றாள். தொலைபேசி அவளைத் தனித்திருக்கவும் விடவில்லை, கூடியிருக்கவும் விடவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல்

ஞானம் பெறும் வழியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படிகளாகச் சைவ சித்தாந்தம் வகுத்துள்ளது. கேட்டதோடு ஒருவனும் ஞானி ஆவதில்லை. கேட்டதை மனத்தில் போட்டுப் புரட்டிப் பார்க்க வேண்டும், ஐயம் நீங்க வேண்டும், அதன்பின் அதிலே நிலைக்க வேண்டும். இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும்.

கைத்தொலைபேசியின் திரை அந்த அவகாசத்தைத் தருவதில்லை. விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை 2006ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் அசா ரஸ்கின் என்னும் அமெரிக்கர். அதனால் விளைந்ததைப் பார்த்து வருந்துவதாக 2018இல் அவரே வெளிப்படையாகக் கூறினார். முகநூலில் விருப்பக்குறி 2009இல் வந்தது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, பூசைக்கு மங்களம் உண்டு. இதற்கு முடிவு இல்லை. ஒரு காட்சியைப் பற்றி நினைக்குமுன் அடுத்தது வந்துவிடுகின்றது. முதற்படியாகிய கேட்டலிலேயே பிள்ளை நின்றுவிடுகின்றது, இரண்டாம் படிக்குக் கால் தூக்க நேரமில்லை.

அறிஞர்களும் இதனை ஆராய்ந்துள்ளனர். 2017இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள், ஒலியை நிறுத்தி மேசையில் வைத்திருந்தவர்களைவிடச் சிந்தனைப் பயிற்சிகளை நன்றாகச் செய்தனர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை எனினும், வகுப்பில் என் அனுபவமும் அதுவே. கவனம் கலைந்த மாணவர் மீண்டும் பாடத்தில் மனம் ஊன்ற இருபது நிமிடம் வரை செல்லலாம் என யுனெஸ்கோ நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை குறிப்பிடுகின்றது.

ஆன்மா எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாகும் என்பது மெய்கண்டார் வழிவந்த சித்தாந்தம். பளிங்கு, பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல. ஒரு பிள்ளை கோபமூட்டும் காட்சி ஒன்றைப் பார்த்தால் அந்தக் கருவி அதே வகையான பத்தைக் கொண்டுவந்து கொடுக்கின்றது. அழுகையைப் பார்த்தால் மேலும் அழுகை. எந்நேரமும் அதனைச் சார்ந்திருக்கும் மனம் வேறு என்ன வண்ணம் எடுக்கும்?

இதில் அடியேனும் குற்றவாளியே. "இந்த மந்திரத்தைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் நல்ல செய்தி வரும்" என்று வட்ஸ்அப்பில் வந்ததை வகுப்புப் பிள்ளைகளின் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு சிறுவன் கேட்டான்: "ரீச்சர், இது எந்தப் புத்தகத்தில இருக்கு?" என்னிடம் பதில் இல்லை. அவனுடைய கேள்விதான் சிந்தித்தல். அதை அவனுக்குக் கற்பிக்க வேண்டிய நான் அதைச் செய்யத் தவறியிருந்தேன்.

இத்தவறு சிறியதுபோலத் தோன்றலாம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூண்டபோதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின்னும், பொய்யும் பகைமையும் பரவுவதைத் தடுக்கவென எங்கள் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. தாக்கப்பட்ட இடங்களில் ஒன்றான கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம், கொட்டாஞ்சேனை மக்கள் மதபேதமின்றி நடந்து போகும் இடம். யோசியாமல் அனுப்பும் ஒரு செய்தி எங்கே போய் முடியும் என்பதைக் கொழும்பில் வாழும் நாங்கள் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

பிள்ளையின் மேல் மட்டும் பழி போடலாமா?

தொலைபேசியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் சிதறிய குடும்பங்கள் நாங்கள். கனடாவில் இருக்கும் அம்மம்மாவின் முகத்தைப் பேரப்பிள்ளை பார்ப்பது அதன் வழியாகத்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்பதற்கென்று பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தவர்களும் நாங்களே.

தனிமை எங்கள் வீட்டோடு நிற்கும் பிரச்சினையும் அல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வருந்துகின்றனர் என்றும், இளையோரிடம் அது கூடுதலாக உள்ளது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025இல் அறிவித்தது. அவுஸ்திரேலியா பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடுக்கும் சட்டத்தை 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டம் கணக்கை மூடலாம். மூடியபின் அந்தப் பிள்ளையுடன் யார் கதைப்பது? அது வீட்டின் வேலை, ஆலயத்தின் வேலை.

தீபாராதனை வேளையில் எங்கள் ஆலயத்தைப் பாருங்கள். மணி ஒலிக்கின்றது, தீபம் உயர்கின்றது. கூப்ப வேண்டிய கைகள் தொலைபேசியை உயர்த்துகின்றன. உயர்த்துபவர்களில் பலர் பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள். எதிரே நந்தியெம்பெருமான் மட்டும் வேறெங்கும் பாராமல் சுவாமியையே பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

நாங்கள் செய்யக்கூடியவை

ஈழத்துச் சைவ ஆலயங்களில் புராணபடனம் என்றொரு நல்ல வழக்கம் உண்டு. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார், சபை இருந்து கேட்கும். எங்கள் முன்னோர் இதனால் தமிழும் கற்றார்கள், பொறுமையாகக் கேட்கவும் கற்றார்கள், பக்கத்தில் இருப்பவரோடு உறவும் கொண்டார்கள். இந்த ஆண்டு எமது ஆலயத்தில் ஒரு நாளாவது, வாசிப்பவரும் பயன் சொல்பவரும் பதின்ம வயதுப் பிள்ளைகளாக இருக்கட்டும். பிழை விட்டால் விடட்டும். வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இருக்கின்றன. மாதத்தில் ஒருநாள் பிள்ளையோடு அங்கு போய் வாருங்கள்.

வீட்டில் சுவாமி அறைக்கு வெளியே ஒரு சிறு கூடை வையுங்கள். மாலை விளக்கேற்றும் நேரம் முதல் இரவுச் சாப்பாடு முடியும் வரை எல்லோருடைய தொலைபேசியும் அதில் இருக்கட்டும். முதலில் அப்பாவின் தொலைபேசி, அடுத்தது அம்மாவுடையது, பிறகுதான் பிள்ளையினுடையது. அந்த நேரத்தில் "என்ன புள்ளி எடுத்தாய்?" என்று கேளாமல் "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். சொல்லும்போது இடையில் புத்தி சொல்ல வேண்டாம். தொலைபேசியில் பார்த்ததைச் சொன்னால், "யார் சொன்னது? எப்படித் தெரியும்? நீ என்ன நினைக்கிறாய்?" என்ற மூன்று கேள்விகள் போதும். படுக்கும்போது தொலைபேசி பிள்ளையின் அறையில் இருக்க வேண்டாம்.

பிள்ளை நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல், ஒருவரோடும் கதையாமல் ஒடுங்கிப் போனால் அதனைத் தோஷம் என்றோ சோம்பல் என்றோ தள்ளிவிடாதீர்கள். அர்ச்சனை செய்யுங்கள், அத்தோடு வைத்தியரிடமும் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல உதவிச் சேவையின் இலக்கம் 1926. சிறுவர் உதவிச் சேவையின் இலக்கம் 1929.

தூணடியில் இருந்த பிள்ளையிடம் அன்று நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். முதலில் சொல்லச் சொன்னது பூசலார் கதை. ஒரு குழந்தை, "அக்கா, அந்தக் கோயில் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து யோசித்துவிட்டு, "எல்லாரும் கண்ணை மூடுங்கோ, ஆளுக்கு ஒரு கல்லாக நாங்களும் கட்டிப் பார்ப்பம்" என்றாள். கதைகளைச் சொல்ல அவள் இப்போதும் வருகின்றாள். வீட்டில் தனிமை முற்றாக நீங்கியதா என்று நான் அறியேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்காகக் காத்திருக்கும் குழந்தைகள் பன்னிரண்டு பேர்.

எங்கள் பிள்ளைகள் தனித்திருக்கும்போது இறைவனைத் துணையாக உணரவும், கூடியிருக்கும்போது அடியார் கூட்டத்தின் அன்பைப் பெறவும், கேட்டதைச் சிந்தித்துத் தெளியவும் எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிக்க வேண்டும் என்று பிரார்த்தித்து அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்