ஆற்றில் போட்ட பெயர்

"ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுறியா?" என்று பிள்ளைகளை அதட்டாத வீடு குறைவு. அந்த ஆறு எது, குளம் எது என்று விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு, அவர்கள் ஊர்க் கோயிலையொட்டி ஓடும் மணிமுத்தாறு. குளம், திருவாரூர்க் கமலாலயம். பழமலைநாதரிடம் 12,000 பொன் பெற்ற சுந்தரர் அதை இங்கே ஆற்றில் இட்டார், அங்கே குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது பெரியபுராணக் கதை.

கதையில் பலரும் தாண்டிப் போய்விடுகிற ஒரு விவரம் உண்டு. ஆற்றில் போடுவதற்கு முன் அந்தப் பொன்னில் ஒரு துணுக்கை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் சுந்தரர். அதற்கு மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்ததை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைந்திருந்தது. மனிதர் விடவில்லை, மறுபடியும் பாடி, மாற்றுச் சரியான பிறகுதான் வாங்கிக்கொண்டார். பொன்னை உரைத்துக் காட்டிய மாற்றுரைத்த விநாயகர் கமலாலயக் கரையில் இன்றும் இருக்கிறார்.

சிறு தொழில் தொடங்கும் ஒருவர் பெயர் தேடி உட்காரும்போது ஏறக்குறைய இதையே செய்கிறார். எட்டு வயதில் பாட்டி வீட்டில் போட்டுவிட்டு வந்ததை நாற்பது வயதில் வேறு ஊரில், வேறு தண்ணீரில் துழாவுகிறார். கையில் மச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

விருத்தாசலத்தில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூர்மையாகவே எழும். ஊரில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுப் பயிலகம் இருக்கிறது. நிலக்கரிக்காகத் தோண்டும்போது களிமண்ணும் கிடைக்கும் நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது. கார்த்திகை விளக்கு, பிள்ளையார் பொம்மை, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கேரியர் என்று சூளையிலிருந்து இறங்கும் சரக்குக்குக் குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி பெயரில்லாமலே லாரி ஏறுகிறது. வாங்குகிற வியாபாரி தன் அட்டைப்பெட்டியில் போட்டு, தன் பெயரில் விற்பார். இத்தனைக்கும் இந்த ஊர் தன் பெயரை முந்திரிக்குக்கூடக் கொடுத்திருக்கிறது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகத்தில் அந்த வி.ஆர்.ஐ. ஊரின் பெயர்தான்.

பெயர் வைக்கிறவர்களுக்கும் எளிய வழி சாமி பெயர். பழமலைநாதர், விருத்தகிரி, கொளஞ்சியப்பர். கொளஞ்சியப்பர் பக்கத்து மணவாளநல்லூர் முருகன். மனக்குறையைத் தாளில் எழுதி, பிராது என்று அவர் சந்நிதியில் கட்டுவார்கள். வேண்டிப் பெற்ற பிள்ளைக்குக் கொளஞ்சி என்று பெயர் வைப்பார்கள். அதனால் இந்த வட்டாரத்துக் கடைப் பலகையில் கொளஞ்சி என்று இருந்தால் அது சாமியா, அப்பாவா, அத்தையா என்று கல்லாவில் இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும். பல சமயம் எல்லாமே.

அப்பா பெயரை யாருக்கும் தெரியாமல் சரக்கில் வைத்தவரைத் தேடினால் அதே மாவட்டத்தில், கடலூரிலேயே கிடைக்கிறார். அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன், பெரிய டப்பாவில் விற்றுக்கொண்டிருந்த முகப்பவுடரைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கியவர். எப்சம் உப்பையும் அப்படியே செய்தார். ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்கும் யோசனையும் அவருடையது. வசதியானவர் வீட்டில் இருக்கும் பொருள் கூலிக்காரர் கைக்கும் எட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் மறைவுக்குப் பின் மகன்கள் வெல்வெட் ஷாம்புவைக் கடைக்குக் கடை கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலைவிட்டு விலகி, 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியே ஒரு ஷாம்பு போட்டார். பெயர் 'சிக்'. சின்னியின் சி, கிருஷ்ணனின் க்.

தமிழ் தெரிந்த எந்த ஆலோசகரும் இந்தப் பெயருக்குத் தலையாட்டியிருக்க மாட்டார். சிக்கு என்றால் வாரினாலும் பிரியாத முடி. தலைக்குப் போடும் பொருளுக்குப் போய் இந்தப் பெயரா? ஆனால் 50 காசுக்குச் சாஷே வாங்கிய கிராமத்துப் பெண்கள் யாரும் அந்தப் பெயருக்கு விளக்கம் கேட்கவில்லை. அப்பாவின் நினைவு பெயரில் இருந்தது; அப்பாவின் கணக்கு விலையில் இருந்தது. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வெறும் படத்துக்கு மாலை போட்ட கதையாகியிருக்கும். 1998இல் நிறுவனம் கவின்கேர் ஆனது. கவின் என்றால் அழகு. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் சி-யும் நடுவில் வரும் கே-யும் பெரிய எழுத்து. அங்கேயும் அப்பாவின் முதலெழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன.

அதே 1983இல் திருப்பூரில் வேட்டி வியாபாரம் தொடங்கிய கே.ஆர். நாகராஜன், தந்தை ராமசாமியின் பெயரில் பாதியையும் தன் பெயரில் பாதியையும் சேர்த்து ராம்ராஜ் ஆக்கினார். திண்டுக்கல் கதை வேறு மாதிரி. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடைக்கு அவர் வைத்த பெயர் ஆனந்த விலாஸ். தலைப்பாகை கட்டிய மனிதர் என்பதால் சாப்பிட வந்தவர்கள் தலப்பாக்கட்டி கடை என்றார்கள். பிற்பாடு குடும்பமே ஊர் வைத்த பெயருக்கு மாறிக்கொண்டது. அந்தப் பெயருக்காகப் பின்னாளில் நீதிமன்றப் படியேறவும் வேண்டியிருந்தது.

பிள்ளைகளின் பெயரை வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1969இல் அகமதாபாதில் சலவைத்தூள் விற்கத் தொடங்கிய கர்சன்பாய் படேல், மகள் நிருபமாவின் பெயரிலிருந்து நிர்மா என்று வைத்தார். விபத்தில் இழந்த மகள் அவள். நாடு முழுக்க அந்தப் பெயரைப் பாட்டாகப் பாடியது. அதே ஆண்டு அமெரிக்காவில் டேவ் தாமஸ், எட்டு வயது மகளின் செல்லப் பெயரை ஹாம்பர்கர் கடைக்கு வைத்தார். மெலிண்டா என்று சொல்ல வராத அண்ணன் அக்காமார் நாக்கில் அது வெண்டி ஆகியிருந்தது. அந்தச் சுமையை உன்மேல் ஏற்றிவிட்டேனே என்று தந்தை பின்னாளில் வருந்தியதை வெண்டியே பொதுவில் சொல்லியிருக்கிறார். போன தலைமுறையின் பெயரை வைப்பதில் இந்த வம்பு குறைவு. ஆனால் பங்காளிகள் உண்டு. பாட்டி ஒருத்திதான், பேரப்பிள்ளைகள் பதினாறு பேர். பலகை எழுதுவதற்கு முன் நாலு வீட்டுக்குப் போய்வருவது நல்லது.

இனி விருத்தாசலத்தில் ஒரு பெண் ஊறுகாய் ஜாடிப் பட்டறை தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மனதில் வருவது பாட்டிதான். இந்தப் பக்கம் பாட்டியை ஆயா என்பார்கள். சென்னையில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். ஆச்சி என்று வைக்கலாமென்றால் திருநெல்வேலியில் அது பாட்டி, செட்டிநாட்டில் வேறு மரியாதை. போதாததற்கு மசாலா நிறுவனம் ஒன்று அந்தச் சொல்லை எப்போதோ கைப்பற்றிவிட்டது.

கிழவி என்றால் அம்மனுக்கே பிடிக்கவில்லை என்றும் இவ்வூரில் கதை இருக்கிறது. சிதம்பரம் போகும் வழியில் இங்கே தங்கிய குரு நமசிவாயர், பசியோடு விருத்தாம்பிகையைக் கிழவியாக வைத்துப் பாடினாராம். கிழவியால் சோறு கொண்டுவர முடியுமா என்று கேட்டு அம்மன் முதியவளாகவே வந்து நின்றாளாம். அவர் இளமையாக மாற்றிப் பாடிய பிறகுதான் பாலாம்பிகையாகச் சோற்றோடு வந்தாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அந்த உருவில்தான் ஆள் வரும் என்று கடைக்காரர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஆளை விட்டுவிட்டு, அந்த ஆள் செய்த வேலைக்குப் போகலாம். ஆயா மாங்காயை உப்பில் போட்டு, ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி முற்றத்து வெயிலில் வைப்பாள். காகம் வந்தால் விரட்டுவது பேத்தியின் பொறுப்பு. வேடு: இரண்டே எழுத்து. ஜாடி விற்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? சட்டப்படியும் வசதி. ஜாடி என்ற பொதுப்பெயரையோ விருத்தாசலம் என்ற ஊர்ப்பெயரையோ மட்டும் வணிகச் சின்னமாகப் பதிவது கடினம். பதியப் போனால் ஜாடி 21ஆம் வகுப்பு, அதற்குள் இருக்கும் ஊறுகாய் 29ஆம் வகுப்பு, இரண்டும் தனித்தனி. தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும்.

பெயரைப் பீங்கானில் பொறிப்பது தனிக் கலை. பிளாஸ்டர் அச்சில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். களிமண் கூழை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சி, அச்சின் சுவரில் மண் கெட்டியாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். காயும்போது ஜாடி சுருங்கும். 1,200 டிகிரியைத் தாண்டும் சூளையில் இன்னும் சுருங்கும். எல்லாம் சேர்த்துப் பத்தில் ஒரு பங்காவது போய்விடும் என்பதால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டிவைக்க வேண்டும். அதற்கு மேல் கிளேஸ். அது கண்ணாடிபோல உருகி எழுத்தின் சுழிகளுக்குள் இறங்கி நிரப்பிவிடும்; ஞ-வும் ணை-யும் முதலில் காணாமல் போகும். வேடு தப்பிக்கும். ஜாடியின் அடிப்பாகத்தில் மட்டும் கிளேஸைத் துடைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சொரசொரப்பான அடிதான் பெயருக்குப் பாதுகாப்பான இடம்.

பெயர் நிற்பது இருக்கட்டும், ஜாடி நிற்க வேண்டுமே. சரியாக வேகாத ஜாடியில் உப்பு மாங்காய் போட்டால் சில மாதத்தில் உப்பு சுவர் வழியே கசிந்து வெளியே வெள்ளையாகப் பூத்துவிடும். கிளேஸில் ஈயம் இருந்தால் புளிப்பு அதைக் கரைத்து ஊறுகாயில் இறக்கும். ஆயாவின் ஜாடி ஒன்று எங்காவது பரணில் கிடந்தால் அதுதான் பேத்தியின் மச்சம். பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே மாங்காயைப் போட்டு, ஒரு கோடையும் ஒரு மழையும் கழித்துத் தடவிப் பார்க்க வேண்டும். மாற்றுக் குறைந்தால் இன்னொரு சூளை வைக்க வேண்டியதுதான். அதுவரை அடியில் பெயர் வேண்டாம்.

இந்தக் கார்த்திகைக்குப் பீங்கான் விளக்கு வாங்குகிறவர்கள், எண்ணெய் ஊற்றும் முன் ஒரு விளக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். அது விருத்தாசலத்தில் வெந்ததாக இருக்கலாம். அடியில் பெரும்பாலும் ஒன்றும் எழுதியிருக்காது.