கூர்மை கருணையாகுமா?

வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வில்வேட்டைக்கென்று அங்கே தனிப் பருவமே உண்டு. பெரும்பாலும் அது இலையுதிர் காலத்தில் வரும். பருவம் நெருங்கும் நாட்களில் சமையலறை மேசையிலோ கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையிலோ ஒருவர் சாணைக்கல்லோடு உட்கார்ந்து அம்பு முனைகளைத் தீட்டிக்கொண்டிருப்பார். வேட்டை என்றால் காட்டில் நடப்பது என்றே நினைக்கிறோம். அதில் ஒரு பகுதி வீட்டுக்குள், சாப்பிடும் மேசையிலேயே நடந்துவிடுகிறது. வீட்டுக்குள் நடக்கும் வேலைகளை வைத்துச் சிந்திக்கப் பழகிய நாம் அந்த மேசையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

‘பிராட்ஹெட்’ என்று அவர்கள் சொல்லும் அந்த அகன்ற முனை, ஊசிபோலக் குத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இரண்டோ மூன்றோ நான்கோ அலகுகள் கொண்ட சிறு கத்தி அது. இரட்டை அலகு முனையைச் சரிவின் கோணம் மாறாமல் கல்லில் வைத்து இழுக்க வேண்டும். சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு முறை இழுத்தால், மை எங்கே அழிந்திருக்கிறது என்பதைப் பார்த்துக் கோணம் சரியா என்று அறியலாம். மூன்று அலகு முனைகளில் சிலவற்றைக் கல்லில் அப்படியே படுக்கவைத்துத் தேய்க்கலாம்; இரண்டு விளிம்புகள் ஒரே நேரத்தில் தீட்டப்படும். ஒரு பக்கம் தேயத் தேய மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். அது விரலில் நெருடிய பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் தோல்வாரில் இழுத்து அந்தப் பிசிறையும் நீக்குவார்கள். பிறகு சோதனை. முன்கை மயிரை வழிக்கிறதா? லேசாக இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டைப் பட்டவுடன் அறுக்கிறதா? பயிற்சி இலக்கில் எய்த முனை மழுங்கிவிடும். அதை மறுபடி தீட்டாமல் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அக்கறையுள்ள வேட்டைக்காரர்களின் விதி.

இந்த விதி விலங்கின் உடலிலிருந்து பிறந்தது. வேட்டைத் துப்பாக்கியின் குண்டு திசுக்களைச் சிதைத்துக் கொல்கிறது. அம்பு ரத்தத்தை இழக்கச் செய்து கொல்கிறது. கூரான விளிம்பு ரத்தக்குழாயைச் சுத்தமாக அறுத்துவிடும். மழுங்கிய விளிம்பு குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகலாம், அல்லது கிழிக்கலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். கூரிய அம்பு இரண்டு நுரையீரலையும் துளைத்தால் மான் சற்றுத் தூரம் ஓடிப் பெரும்பாலும் சில நொடிகளிலேயே விழுந்துவிடும். சரியாக அறுக்காத அம்பு பட்ட மான் காயத்தோடு தப்பி, நாட்கணக்கில் சாகலாம். ஆகவே தீட்டுவது விலங்குக்குச் செய்யும் மரியாதை என்று அவர்கள் சொல்கிறார்கள். பலர் இதை மனமாரச் சொல்கிறார்கள் என்றே நம்புகிறேன்.

தமிழில் இந்த வாதம் இன்னும் இனிமையாக ஒலிக்கும். விண்ணப்பங்களில் ‘அன்புகூர்ந்து’ என்று எழுதுகிறோம். அங்கே கூர்தல் என்றால் மிகுதல். கத்தி கொள்ளும் கூர்மையும் அதே சொல்லுக்குள் இருக்கிறது. அன்பு மிகுவதையும் அலகு கூராவதையும் ஒரே வினையால் சொல்லும் மொழி நம்முடையது. வகுப்பில் இதை ரசித்துச் சொல்வேன். ஆனால் ஓர் உயிர் போகிற காரியத்தில் சொல்லின் அழகை நம்பி முடிவெடுக்க முடியாது. கேள்வியை நேராகவே கேட்க வேண்டும்: ஒரு செயலை அக்கறையோடு செய்வதால் அந்தச் செயல் நியாயமாகிவிடுமா?

பெண்கள் இந்தக் கேள்வியை வேறு இடங்களில் கேட்டுப் பழகியவர்கள். ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று மகளின் படிப்பை நிறுத்துகிற அப்பாவின் குரல் பல வீடுகளில் மென்மையாகவே இருக்கிறது. அந்த மென்மை நடிப்பு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது; அவர் கண் கலங்கியும் இருக்கலாம். ஆனால் படிப்பை எப்படி நிறுத்துவது என்பதில்தான் அந்த மென்மை வேலை செய்கிறது. நிறுத்தலாமா என்ற கேள்வியை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மகளையும் மானையும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அக்கறை போதுமானதா என்று அளப்பவர் யார் என்பதை மட்டும் பார்க்கிறேன். அம்பு முனையின் கூரைத் தீட்டியவரே தன் கை மயிரில் சோதித்துத் தேர்ச்சி கொடுத்துக்கொள்கிறார். அதை உடலில் வாங்கப்போகிற உயிருக்கு அந்த மேசையில் இடமில்லை.

பெண்ணியத்துக்குள்ளேயே இதைப் பற்றி ஒரு வாதம் நடந்திருக்கிறது. வேட்டைக்காரர்கள் தங்களைப் பற்றிப் பேசும் விதத்தை ஆராய்ந்து மார்ட்டி கீல் 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்பத்துக்காக வேட்டையாடுகிறவர், இயற்கையின் சமநிலைக்காக வேட்டையாடுகிறவர், ஆன்மிக அனுபவமாக வேட்டையாடுகிறவர் என்று அவர்களை மூன்றாக வகுத்தார். மூவரின் பேச்சிலும் மானின் சாவு, வேட்டையாடுகிறவரின் கதையில் ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது என்றே அவரை நான் வாசிக்கிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், மேரி ஸைஸ் ஸ்டேஞ்ச் ‘வுமன் தி ஹண்டர்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். அவர் பேராசிரியர், தானே வேட்டையாடுகிறவர். பெண் இயல்பிலேயே சாந்தமானவள், இயற்கைக்கு நெருக்கமானவள் என்ற பழைய நம்பிக்கையைப் பெண்ணியமும் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் எழுப்பிய கேள்வி.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1966இல் சிகாகோவில் ‘மேன் தி ஹண்டர்’ என்ற பெயரில் மானுடவியல் கருத்தரங்கம் நடந்தது. 1968இல் அது நூலாக வந்தது. மனிதரை மனிதராக்கியதே ஆணின் வேட்டைதான் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. அதை மறுத்து எழுந்த எழுத்துகளில் ஒன்று ஆக்டா பெண்களைப் பற்றியது. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் வாழும் ஆக்டா மக்களிடையே பெண்கள் வில்லம்போடும் நாய்களோடும் காட்டுப்பன்றியும் மானும் வேட்டையாடியதை ஆக்னஸ் எஸ்டியோக்கோ கிரிஃபினும் பயான் கிரிஃபினும் 1981இல் பதிவு செய்தார்கள். பிள்ளை பெற்ற பெண்களும் வேட்டைக்குப் போனார்கள். ஆகவே ‘பெண் இதைச் செய்யமாட்டாள்’ என்ற இடத்தில் நின்று வேட்டையை மறுக்க என்னால் முடியாது. தேவை என்ற இடத்தில் நின்று கேட்கலாம். அந்த ஆக்டா பெண்ணின் அம்பு வீட்டுக்கு உணவு கொண்டுவந்தது. பொழுதுபோக்காக வேட்டைக்குப் போகிறவருக்கு வேறு உணவு கடையில் இருக்கிறது. இருவரின் முனையும் ஒரேபோலக் கூராக இருக்கலாம். ஏன் எய்கிறாய் என்ற கேள்விக்கு இருவரின் பதிலும் ஒன்றாக இருக்காது.

இதைச் சொல்லும் நான் கறி சாப்பிடுகிறவள். சாணை பிடிப்பவர் தெருவில் குரல் கொடுத்தால் அருவாமனையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓடுவது எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை. மழுங்கின கத்திதான் கையை வெட்டும் என்பார். வீட்டுப் பெண்களுக்குக் கூர் பற்றித் தெரிந்தது அவ்வளவு: நம் விரலுக்கு எது பாதுகாப்பு என்பது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, ஆட்டின் கழுத்தில் இறங்கிய கத்தி கூராக இருந்ததா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. தன் கையால் தீட்டி, தன் கையால் எய்து, ரத்தத் தடத்தைத் தொடர்ந்து போகிறவர் தான் செய்வது என்ன என்று அறிந்திருக்கிறார். அறியாமல் தின்பதைவிட அது நேர்மையானது. அந்த நேர்மைக்கு முன்னால் எனக்குப் பேச்சு குறைகிறது. ஆனாலும் நேர்மையாகச் செய்த கொலைக்கும் கொலை என்றே பெயர். என் தட்டுக்கும் இது பொருந்தும்.

வேட்டைக்காரர்களின் ஒழுக்கத்தில் தீட்டுவதைவிட என்னைக் கவர்ந்த விதி வேறொன்று. மான் முகம் காட்டி நேராக நின்றால், இடையில் கிளை குறுக்கிட்டால், தன் பயிற்சிக்கு மிஞ்சிய தூரத்தில் நின்றால் எய்யக் கூடாது. இழுத்த நாணைத் தளர்த்திவிட வேண்டும் என்று தேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். மேசையில் மணிக்கணக்கில் தீட்டிய முனை அன்றைக்கு எய்யப்படாமலே வீடு திரும்பும். அக்கறைக்கு ஒரு செயலை நிறுத்துகிற வலு வருவது அந்த இடத்தில்தான். கொல்வது என்று முடிவெடுத்துவிட்டவருக்குக் கூர்மை கட்டாயக் கடமை; அதில் குறைவைப்பது கொடுமை. ஆனால் அந்தக் கடமையை ஒழுங்காகச் செய்தேன் என்பதை, கொல்ல எடுத்த முடிவுக்குக் காரணமாகக் காட்ட முடியாது.

நம்மிடம் மென்மையாக நடந்துகொண்டே நம் வாழ்க்கையை வெட்டுகிறவர்களிடம் நாம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: நான் வேண்டாம் என்றால் உங்கள் அக்கறை நின்றுகொள்ளுமா? மானுக்கு அதைக் கேட்க வாயில்லை. அதனால் அதன் சார்பில், கல்லின் முன் உட்கார்ந்திருக்கிறவர்தான் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும், முதல் இழுப்புக்கு முன்னால்.