பந்தியில் ஒரு இடம்

பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரிக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளில் சிலர் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுபோகிறார்கள். மத்தியானம் பக்கத்தில் ஒருவன் பிரியாணியைத் திறந்தால், களி கொண்டுவந்தவன் மரத்தடிக்கு ஒதுங்குகிறான். "பசிக்கல" என்று சொல்லி, மூடியைத் திறக்காமலே வீடு திரும்பும் பெண்பிள்ளையும் உண்டு.

தனியாக உண்பது குற்றமாகாது. ஆனால் வெட்கம் ஒருவரைத் தனியாக உட்கார வைத்தால், அது கலியின் வேலை.

அய்யா வைகுண்டர் (1809–1851) காலத்துத் திருவிதாங்கூரில் கிணறும் பந்தியும் சாதிக்குச் சாதி வேறு. அய்யா சாமிதோப்பில் முத்திரிக் கிணறு வெட்டச் செய்தார். எல்லாச் சாதியாரும் அதில் நீர் எடுத்தார்கள், ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். வாகைப்பதியில் துவையல் தவசிருந்த 700 குடும்பங்களும் கடல்நீரில் பொங்கிய பச்சரிசியும் சிறுபயறுமாக ஒருவேளை மட்டுமே உண்டார்கள். எல்லார் கலத்திலும் ஒரே சோறு. யாருக்கும் நாணம் இல்லை.

இடம் கொடுப்பது பாப்பாரப்பட்டிக்குப் புதிதல்ல. சிறையில் தொழுநோய் பற்றிய சுப்பிரமணிய சிவாவை வெள்ளை அரசு ரயிலில் ஏறவிடவில்லை. இந்த ஊர் அவருக்கு இடம் கொடுத்தது. 1925 ஜூலை 23 அன்று இங்கேதான் அவர் கண்மூடினார்.

ஆகவே பிள்ளைகளே, ஒதுங்கியவனை இருந்த இடத்திலிருந்து கூப்பிட வேண்டாம். உங்கள் டப்பாவோடு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவன் களியில் ஒரு உருண்டை கேட்டு வாங்கி உண்ணுங்கள். நீங்கள் கேட்டால் அவன் தலை நிமிரும். மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்ன அய்யாவுக்கு உகந்தது அதுவே.

அய்யா உண்டு.